மிரெல்லாவுக்குக் கை கொடுத்தவன்

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முதலிலேயே சொன்னேன். என் அண்ணன் மகள் மிரெல்லாவின் கல்யாணம் பொலோன்யாவில்தான் நடக்கும் என்றேன், நடந்தது. அப்பா இல்லாத அந்தப் பெண்ணுக்குக் கை கொடுத்துக் கோயிலுக்குள் அழைத்துப் போகிறவன் நான்தான் என்றேன், அதுவும் நடந்தது. அவளுடைய தாய்மாமன் அதெல்மோ, மோதெனா ஊர்க்காரன், எங்காவது ஒரு மூலையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பான் என்றேன். மூலை இல்லை, மூன்றாவது வரிசை. மற்றபடி சரி.

சந்தேகப்படுகிறவர்களுக்காகக் கடிதங்களை வரிசையாக வைக்கிறேன். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். அதனால் எந்தக் கடிதத்தையும் இரண்டு தடவை எழுதுவேன். அடித்தல் திருத்தலோடு உள்ளது என்னிடம் தங்கும், நல்லது தபாலில் போகும். என் உத்தியோகம் அசினெல்லி கோபுரத்தின் அடியில். கோபுரத்துக்குப் பொறுப்பாளர் என்று சொல்லலாம். சீட்டுக் கிழிக்கிறவன் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் கிழிக்காமல் ஒருவரும் மேலே போக முடியாது, அப்புறம் என்ன வித்தியாசம்?

*

பொலோன்யா, 9 ஜனவரி 1958

என் அருமை மகள் மிரெல்லாவுக்கு,

சித்தப்பா நேரியோ எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். லியேஜில் நீயும் இனெஸ் அண்ணியும் பனியில் உறைந்துபோகாமல் இருக்கிறீர்களா?

உன் கிறிஸ்துமஸ் அட்டை வந்தது. ஜூன் மாதம் உனக்கும், அங்கேயே வேலை பார்க்கிற சில்வானோவுக்கும் கல்யாணம், அதுவும் மாப்பிள்ளையின் ஊர் என்று நம் பொலோன்யாவிலேயே. உடனே கடைத்தெருவுக்குப் போய் எல்லோரிடமும் சொன்னேன்: "எங்கண்ணன் அவுகுஸ்தோ பொண்டாட்டி பிள்ளையோட பெல்ஜியம் சுரங்கத்துக்குப் போனப்பவே சொன்னேனா இல்லையா, அந்தப் பொண்ணு இங்கதான் திரும்பி வரும்னு?" மீன்காரி நிமிர்ந்து பார்த்து, "அன்னைக்கு ஸ்டேஷன்லேருந்து வந்து, இனிமே அவங்க வரவே மாட்டாங்கன்னு என் கடை வாசல்ல உக்காந்து அழுதியே" என்றாள். அவளுக்கு ஞாபகசக்தி குறைவு.

அண்ணன் இறந்துபோய் மூன்று வருஷம் தாண்டிவிட்டது. கோயில் வாசலிலிருந்து பீடம் வரை யார் கையைப் பிடித்து நடப்பது என்று நீ ஒரு நிமிஷம்கூடக் கவலைப்படக் கூடாது. சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டுத் தைக்கக் கொடுத்தாயிற்று. தையல்காரன் அளவெடுத்துவிட்டு, "அமைச்சருங்க உடம்பு வாகு" என்றான்.

அண்ணிக்கு என் அன்பு. உனக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம்.

உன் சித்தப்பா நேரியோ

*

லியேஜ், 2 பிப்ரவரி 1958

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

மிரெல்லா எழுதிக்கொள்வது. நாங்கள் உறையவில்லை, அடுப்பங்கரையை விட்டு நகர்வதில்லை. உங்கள் முழங்காலுக்கு அம்மா கற்பூரத் தைலம் தேய்க்கச் சொல்கிறாள்.

ஒரு உதவி வேண்டும். சில்வானோவின் அம்மா அர்ஜியா அம்மாள் எனக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் ஒரு கேள்வி வைக்கிறார். "பொலோன்யாக்காரின்னு சொல்றியே, எந்தக் கோபுரம் சாஞ்சிருக்கு?" என்று போன தடவை. ஊரை விட்டு வரும்போது எனக்குப் பதினொரு வயது. தெருவோரம் கூரை போட்ட தூண் நடைகளுக்கு வெளியே மழை பெய்வதும், உள்ளே நான் நனையாமல் பள்ளிக்கூடம் போவதும்தான் ஞாபகம் இருக்கிறது. பெல்ஜியத்துக்காரி என்று அவர் சொல்லிவிடக் கூடாது. ஊரைப் பற்றி ஒரு மருமகளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை எழுதி அனுப்புங்களேன்.

அதெல்மோ மாமா வாரம் தவறாமல் எழுதுகிறார். ஒரு ஃபியட் கார் வாங்கியிருக்கிறாராம், நீல நிறம். அம்மாவுக்கு ரொம்பச் சந்தோஷம்.

சாம்பல் நிறம் உங்களுக்கு எடுப்பாக இருக்கும்.

அன்புடன்,
மிரெல்லா

*

பொலோன்யா, 16 பிப்ரவரி 1958

அருமை மகளே,

சுகம், சுகமா? தைலம் தேய்த்தேன். கோபுரத்துக்கு வருகிறவர்கள் மருந்துக்கடை வாசனை என்கிறார்கள்.

சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறாய். எழுதிக்கொள். கோபுரம் இரண்டு. உயரமானது அசினெல்லி, தொண்ணூற்றேழு மீட்டர், நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு கொஞ்சம் வளர்ந்திருக்கிறது. படிகள் அறுநூற்று மூன்று, நானே எண்ணினேன். பக்கத்தில் இருப்பது கரிசெந்தா. அதுதான் அதிகம் சாய்ந்தது. விழுந்துவிடுமோ என்று பயந்து பழைய காலத்திலேயே அதன் தலையை வெட்டிக் குட்டையாக்கிவிட்டார்கள். மண் சரியில்லை என்று பொறியாளர்கள் சொல்வார்கள், நம்பாதே. உயரமானவன் பக்கத்தில் நின்று நின்று, வயிற்றெரிச்சலில் சாய்ந்தது.

பல்கலைக்கழகம் 1088ஆம் வருஷத்தது. உலகத்திலேயே பழசு. அங்கே படிக்கிற பிள்ளைகள் என் கோபுரத்தில் ஏற மாட்டார்கள், ஏறினால் பட்டம் கிடைக்காது என்று பயம். பெரிய கோயில் சான் பெத்ரோனியோவின் முகப்பு கீழ்ப்பாதி சலவைக்கல், மேல்பாதி வெறும் செங்கல். ஏன் முடிக்கவில்லை என்று அர்ஜியா அம்மாள் கேட்டால், கொத்தனார் சாப்பிடப் போனார், இன்னும் எழுந்திருக்கவில்லை என்று சொல். பொலோன்யாவில் அப்படித்தான் சாப்பிடுவோம். தூண் நடைகள் மொத்தம் நாற்பது கிலோமீட்டர். குடை விற்கிறவன் இந்த ஊரில் பிழைக்க முடியாது.

மோதெனாவில் என்ன இருக்கிறது என்று கேட்டாலும் கேட்பார். ஒரு மர வாளி இருக்கிறது. அறுநூறு வருஷத்துக்கு முன் ஒரு சண்டையில் நம் கிணற்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இன்றுவரை திருப்பித் தரவில்லை, பத்திரமாக வைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறார்கள். அடுத்தவன் வீட்டுப் பொருளில் கை வைப்பது சிலருக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. யாரையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதவில்லை.

நீலம் சீக்கிரம் வெளுத்துப்போகும் நிறம்.

கோயிலில் கை கொடுப்பது பற்றி நீ ஒன்றும் எழுதவில்லையே. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

உன் சித்தப்பா நேரியோ

*

லியேஜ், 23 மார்ச் 1958

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுத ஐந்து வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள்.

நீங்கள் எழுதியதை அப்படியே அர்ஜியா அம்மாளுக்கு அனுப்பினேன். கொத்தனார் கதையைப் படித்துச் சிரித்தாராம். ஆனால் படிகள் நானூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று திருத்தி, "ஒங்க சித்தப்பா ஏறும்போது நூத்தஞ்சு படி திரும்பக் கீழ எறங்கியிருப்பாரு போல" என்று எழுதியிருக்கிறார்.

பதில் தாமதமானதற்குக் காரணம், அதெல்மோ மாமா வந்திருந்தார். இரண்டு நாள் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். நாலு நாள் தங்கினார். அடுப்பங்கரை ஜன்னல் கொக்கியைச் சரி செய்தார். அம்மாவை அப்பாவின் கல்லறைக்கு அழைத்துப் போனார். கல்லில் பாசி படிந்திருந்தது. கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவரே தேய்த்துக் கழுவினார்.

அவர் கிளம்பின பிறகு அம்மா கேட்டாள், கோயிலில் மாமாவைக் கை கொடுக்கச் சொல்லலாமா என்று. நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதாமல் சொல்ல மனது வரவில்லை.

கோட்டு தைத்து வந்துவிட்டதா?

மிரெல்லா

*

பொலோன்யா, 28 மார்ச் 1958

மிரெல்லா,

கோட்டு வந்துவிட்டது. கண்ணாடி முன் தொங்குகிறது.

ஜன்னல் கொக்கி. நாலு நாளில் ஒரு கொக்கி. கார் வைத்திருக்கிறவனுக்குப் பாசம் காட்டுவது சுலபம், மகளே. என்னிடம் இருப்பது கோபுரம். அதை ஓட்டிக்கொண்டு நான் லியேஜுக்கு வர முடியாது. பதினொரு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் வரவில்லை என்று நீயும் அண்ணியும் நினைக்கலாம். கோபுரத்தை யாரிடம் விட்டுவிட்டு வருவேன்? கல்லறைக் கல்லைக் கழுவ எனக்கும் தெரியும். என் அண்ணன் கல் அது. அவன் கூடப் பிறந்தவன் நான். அதெல்மோ கூடப் பிறந்தது உன் அம்மா.

இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். உன் அப்பா போவதற்கு ஒரு மாதம் முன், அக்டோபரில், எனக்கு ஒரு கடிதம் எழுதினான். அதில் இப்படி ஒரு வரி: "நேரியோ, என் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும்போது நான் இருக்க மாட்டேன், நீ அவளுக்குக் கை கொடு." இது அவன் தன் கையால் எழுதியது. உன்னை வருத்தப்படுத்த வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் உள்ளே வைத்திருந்தேன்.

இதற்கு மேல் உன் இஷ்டம். செத்தவன் வார்த்தைக்கும் நீல நிறக் காருக்கும் நடுவில் நீ எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

சுகம் விசாரிக்க மறந்துவிட்டேன். சுகமா?

நேரியோ

*

லியேஜ், 2 மே 1958

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்பாவின் வரி வந்த இடத்தில் அம்மா என்னைப் பார்த்தாள். நான் நிறுத்தாமல் கடைசிவரை படித்தேன். பிறகு இரண்டு பேரும் உருளைக்கிழங்கு உரித்தோம்.

அப்பா அப்படிச் சொல்லியிருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. நீங்களே கை கொடுங்கள், சித்தப்பா. அதெல்மோ மாமாவுக்கு நானே எழுதிவிட்டேன்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்து எங்களுக்குக் காட்ட வேண்டாம். பழைய காகிதம், பிரித்தால் மடிப்பில் கிழிந்துவிடும். இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

ஜூன் ஐந்தாம் தேதி ரயிலில் வருகிறோம்.

அன்புடன்,
மிரெல்லா

*

பொலோன்யா, 12 மே 1958

என் தங்க மகளே,

முழங்காலா? எந்த முழங்கால்? உன் கடிதம் வந்த அன்று கோபுரத்தில் உச்சிவரை ஏறினேன். சரி, முதல் தளம் வரை.

சனிக்கிழமை சான் லூக்கா மாதாவை மலையிலிருந்து ஊருக்குள் எழுந்தருளச் செய்தார்கள். வழக்கம்போல் மழை. மலைவரை போகிற தூண் நடையின் அறுநூற்று அறுபத்தாறு வளைவுகளின் அடியில் ஊரே நடந்து வந்தது, ஒருவரும் நனையவில்லை. இதில் நான் படி கூட்டிச் சொல்லவில்லை, அர்ஜியா அம்மாளைக் கேட்டுப் பார்.

நேற்று அதெல்மோ வந்தான். காரைக் கோபுரத்தின் நிழலில் நிறுத்திவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"மச்சான், சாப்பிட்டீங்களா?"

"சாப்பிடாம வேலைக்கு வர்றதுக்கு இது மோதெனாவா?"

"மிரெல்லா எழுதியிருந்தா."

"எழுதுவா. அவங்கப்பன் வார்த்தை."

அவன் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே நின்றான். "சரிதான். நான் அவளைக் கோயில் வாசல் வரைக்கும் கார்ல கொண்டாந்து விடட்டுமா? வாசல் வரைக்கும்தான். உள்ள நீங்க."

"வண்டி சுத்தமா இருக்கணும்."

"கழுவிடறேன்."

"வந்ததே வந்தீர், மேல ஏறிப் பாரும். ஒம்ம ஊரு தெரியுதான்னு பாக்கலாம்."

"வேணாம் மச்சான். மேலேருந்து வாளி தெரிஞ்சுதுன்னா ஒங்களுக்குத் தூக்கம் வராது."

சீட்டு வாங்க நின்ற வெளியூர்க்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அவன் பக்கம் சேர்ந்து சிரித்தார்கள் என்பதைக் கவனித்தேன்.

ஒரு முக்கியமான விஷயம். கல்யாணத்துக்கு முன் நீயும் சில்வானோவும் சேர்ந்து சான் லூக்கா மலைக்குப் போகாதீர்கள். நிச்சயமான ஜோடி சேர்ந்து போனால் கல்யாணம் நின்றுவிடும். இந்த ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் இது தெரியும். பெல்ஜியத்தில் தெரியாது என்பதால் எழுதுகிறேன்.

உன் அப்பாவின் இடத்தில் நிற்கப்போகும்,
நேரியோ

*

பொலோன்யா, 9 ஜூன் 1958

திரு. அதெல்மோ வக்காரி அவர்களுக்கு,

சுகமாகத்தான் இருப்பீர். நேற்று மிரெல்லாவையும் சில்வானோவையும் உமது வாகனத்தில் ஏற்றிச் சான் லூக்கா மலைக்குக் கொண்டு போனதாக மீன்காரி சொன்னாள். கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கிறது. தெரியாமல் செய்தீர் என்று நம்ப நான் முட்டாள் இல்லை. கை கொடுக்கிற வாய்ப்பு போனதும், கல்யாணமே நிற்கட்டும் என்று கிளம்பிவிட்டீர்.

நீர் கோயிலுக்கு வர வேண்டாம்.

நேரியோ சனரீனி, அசினெல்லி கோபுரம்

*

மோதெனா, 10 ஜூன் 1958

அன்புள்ள மச்சானுக்கு,

உங்களுக்கும் வீட்டில் தங்கியிருக்கிற தங்கை இனெஸுக்கும் மிரெல்லாவுக்கும் என் அன்பு.

அந்த வழக்கம் எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அப்படி ஒன்றும் இல்லை, ஜோடிகளை எங்கே வேண்டுமானாலும் போக விடுகிறோம். மலையடிவாரத்தில் மிரெல்லா வண்டியை நிறுத்தச் சொன்னாள். "சித்தப்பாக்குத் தெரிஞ்சா உயிரை விட்டுருவாரு மாமா" என்றாள். சில்வானோ இறங்கிக்கொண்டான். நானும் மிரெல்லாவும் அர்ஜியா அம்மாளும் காரில் மேலே போய்க் கும்பிட்டுவிட்டு இறங்கினோம். அதற்குப் பிறகுதான் அவன் முதல் வளைவிலிருந்து தனியாக நடந்து ஏறினான், கொளுத்துகிற வெக்கையில். இரண்டு பேரும் சேர்ந்து அங்கே நிற்கவே இல்லை. மாப்பிள்ளைக்கு இரண்டு காலிலும் கொப்புளம். கல்யாணத்தன்று நொண்டினால் காரணம் நீங்கள்தான்.

கோயிலுக்கு வர வேண்டாம் என்றால் வரவில்லை. ஆனால் காரை யார் ஓட்டுவது? நீங்கள் ஓட்டுகிறீர்களா?

அதெல்மோ

*

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

ஜூன் பதினான்காம் தேதி, சனிக்கிழமை. கார் வாசலில் வந்து நின்றது. கழுவித்தான் இருந்தான், கதவில் முகம் தெரிந்தது. மிரெல்லா இறங்கி என் கையைப் பிடித்தாள். வாசலிலிருந்து பீடம் வரை முப்பது அடி எடுத்து வைக்கலாம். நான் அறுபது ஆக்கினேன். ஊர் முழுக்கப் பார்த்தது. அதெல்மோ மூன்றாவது வரிசையில் எழுந்து நின்றான். நான் கடந்து போகும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். எனக்குப் பிறகு துடைத்திருக்கலாம்.

விருந்து முடிந்து எல்லோரும் சதுக்கத்துக்கு நடந்தோம். அங்கே பழைய அரண்மனைக்கு அடியில் ஒரு வளைவு மண்டபம். அதன் ஒரு மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு முணுமுணுத்தால், எதிர்மூலையில் சுவரைப் பார்த்து நிற்கிறவருக்குக் காதருகில் கேட்கும். நடுவில் சந்தையே நடந்தாலும் மற்றவர்கள் காதில் விழாது. தொழுநோயாளிகள் தள்ளி நின்று பாவமன்னிப்புக் கேட்க அப்படிக் கட்டியதாகச் சொல்வார்கள். மோதெனாவில் இப்படி ஒரு சுவர் இருக்கிறதா என்று அதெல்மோவிடம் கேட்டேன். இல்லை என்று ஒப்புக்கொண்டான். நான் ஒரு மூலைக்குப் போனேன். எதிர்மூலைக்கு மணப்பெண் உடையோடு மிரெல்லா போனாள்.

"கேக்குதா சித்தப்பா?" என்றது சுவர்.

"கேக்குதும்மா. சொல்லு."

"அப்பா கடுதாசியெல்லாம் நான்தான் எழுதினேன். அவரு சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். கடைசி ரெண்டு வருஷமும். ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும்."

என் முகத்துக்கு நேரே செங்கல். நல்லவேளை, செங்கலுக்குக் கண் இல்லை. அவுகுஸ்தோ எழுதாத வரி எது என்று, எழுதினவளுக்கா தெரியாது?

"அப்புறம் ஏம்மா என் கையைப் புடிச்ச?" என்றேன்.

பின்னாலிருந்து அதெல்மோவின் குரல்தான் கேட்டது. "என்ன மச்சான், சுவரு என்ன சொல்லுது?"

"வாழ்த்துச் சொல்லுது" என்றேன். திரும்பாமலே சொன்னேன்.

*

லியேஜ், 20 ஜூலை 1958

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நானும் சில்வானோவும் சுகமாக வந்து சேர்ந்தோம். அவருடைய கொப்புளம் ஆறிவிட்டது. அம்மாவுக்கு மட்டும் ரயில் பயணத்தில் இடுப்புப் பிடித்துக்கொண்டது.

கல்யாணப் படங்கள் வந்துவிட்டன, ஒன்று வைத்திருக்கிறேன். அதில் நீங்கள் அமைச்சர் மாதிரியே இருக்கிறீர்கள்.

அப்பா உங்களைப் பற்றி நிறையச் சொல்வார். "ஒன் சித்தப்பன் ஒரு விஷயத்தை ரொம்பப் பெருசாச் சொன்னான்னா, அவனுக்கு அது ரொம்ப வேணும்னு அர்த்தம்" என்பார். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று அங்கே இருந்தபோதே நினைத்தேன். கூட்டத்தில் முடியவில்லை.

அர்ஜியா அம்மாள் இப்போதெல்லாம் கேள்வி வைப்பதில்லை. எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்கிறார். அதெல்மோ மாமா உங்களை வந்து பார்ப்பதாகச் சொன்னார். அவரோடு சண்டை போடாதீர்கள், அவருக்குச் சண்டை போடத் தெரியாது.

அன்பு முத்தங்களுடன்,
மிரெல்லா

*

வந்தான். அக்டோபரில், ஒரு பை நிறையக் கஷ்கொட்டையோடு வந்தான். நான் இந்தக் கடிதங்களை வரிசைப்படுத்துவதற்காகச் சமையலறை மேஜையில் பரப்பி வைத்திருந்தேன். ஒரு பக்கம் மிரெல்லாவினுடையது. இன்னொரு பக்கம், கயிறு கட்டி, அண்ணன் அவுகுஸ்தோவினுடையது. அதெல்மோ கஷ்கொட்டையைக் கீறி அடுப்பில் போட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"எதுக்கு மச்சான் ரெண்டையும் பிரிச்சு வச்சிருக்கீங்க? ஒரே கை எழுதினதுதானே."

"எந்தக் கை?"

அவன் இரண்டு பக்கத்திலிருந்தும் மேலாக இருந்த காகிதத்தை ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். நான் மூன்றாம் வகுப்புதான். ஆனால் கண் இருக்கிறது.

"ஒங்களுக்குத் தெரியாதா? சுரங்கத்துல அவுகுஸ்தோக்கு வலது கை நசுங்கிப்போச்சு. அதுக்கப்புறம் பேனா புடிக்க முடியல. அவரு சொல்ல, பொண்ணு எழுதும். ஒங்களுக்குத் தெரிய வேணாம்னுட்டாராம். நேரியோ ஊரெல்லாம் அழுவான்னு."

கஷ்கொட்டை ஒன்று அடுப்பில் வெடித்தது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் பார்த்தோம்.

"அப்ப அந்த வரி" என்று ஆரம்பித்தேன்.

"எந்த வரி?" என்றான். ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டான். மார்ச் மாதம் கல்லறைக்குப் போய்விட்டு வந்தபோது கை நசுங்கின கதையை இனெஸ் அண்ணி அவனிடம் சொல்லியிருக்கிறாள். நான் கோபுரத்தடியில் அவனிடம் "அவங்கப்பன் வார்த்தை" என்றபோது, அப்படி ஒரு வரியே இல்லை என்று அவனுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்துகொண்டுதான் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். தெரிந்துகொண்டுதான் காரைக் கழுவினான்.

நான் செய்ய வேண்டியதையெல்லாம் அவன் எனக்கு முன்னால் செய்துவிடுகிறான். அன்றைக்கும் பொறுக்கவில்லை, இன்றைக்கும் பொறுக்கவில்லை. அவன் உரித்துக் கொடுத்த கஷ்கொட்டையைத் தின்றேன். நன்றாக வெந்திருந்தது.

ஆகவே, மேலே எழுதியதில் ஒன்றை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். சுவர் பேசவில்லை. அந்த மண்டபத்தில் அன்று எதிர்மூலையில் நின்றது அர்ஜியா அம்மாள், அவர் சொன்னது "கேக்குதாய்யா?" என்பது மட்டும்தான். மிரெல்லா இதைப் பற்றி என்னிடம் அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. ஒரு மோதெனாக்காரன் வாயால் இதைத் தெரிந்துகொண்டேன் என்று எழுதக் கை வராமல், நம் ஊர்ச் சுவர்மேல் போட்டுவிட்டேன்.